ஸுல்பிகாவுக்குப் போன ஆசனம்

ஸுல்பிகாவைப் புகழ்ந்து நான் முதலில் கேட்டது என் புருஷன் இப்றாஹிமின் வாயால். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஸுல்பிகா நல்லாக் கதைப்பா" என்றார். நான் ஆக்கும் மீனாணத்தைக்கூட அவர் நல்லது என்று சொன்னதில்லை.

"எந்த ஸுல்பிகா?"

"கமீலாட மூத்தவள். எலக்சன் லிஸ்ட்டுல பொம்புளைகளும் இரிக்கணுமெண்டு சட்டம் வந்திரிக்கி. அவட பேரப் போட்டிரிக்கம்."

ஆள் யாரென்று பிடிபட்டது. கமீலா என் உம்மாவின் தங்கச்சி மகள். ஸுல்பிகா, புருஷன் மௌத்தானபின் சம்மாந்துறை நெல் ஆலையில் கூலி வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவள். முறைக்கு எனக்கு மகள். அப்படியென்றால் அவருக்கும் மகள்தான். அது எனக்குப் போதவில்லை.

எங்கள் மண்வெட்டிக் கட்சி மாகாணத்துக்குள்ளேயே முடிந்துபோகிற சின்னக் கட்சி. ஊர்க்கிளைக்கு இவர்தான் செயலாளர். நின்ற தேர்தலில் எல்லாம் தோற்றார். முதல்முறை கட்டுக்காசு போனது. மறுமுறை வென்றவர்கள் எங்கள் வாசலில் வந்து வெடி கொளுத்தினார்கள். மாகாண சபைக்கு நின்றபோது சொந்தக் குடிச் சனமே கைவிட்டது. இப்போது வந்தது பிரதேச சபைத் தேர்தல். ஒருமுறையாவது அவர் சபையில் உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

கட்சிப் பலகை தொங்கியதும் கூட்டம் நடந்ததும் என் வீட்டு விறாந்தையில்தான். ஸுல்பிகாவும் வந்தாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைத்தேன்.

"சாச்சி, சாச்சாக்கு சீனியக் குறைச்சுப் போடுங்க. சீனி வருத்தக்காரர்தானே."

"முப்பது வருசமா நான் ஊத்துற தேத்தண்ணியிலதான் மனுசன் உயிரோட இரிக்கார் மகள்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், அவளைப் பார்த்து.

எல்லாரும் போனதும் சொன்னேன்: "இது என்ட சீதன வீடு. கட்சிப் பலகையக் கழட்டுங்க."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை வந்து இருப்பவர். அவரே கழற்றினார். பலகை ஸுல்பிகாவின் வளவு வாசல் கடப்பில் ஏறியது.

ஆண்கள் குந்தியிருந்த என் விறாந்தையை எட்டியும் பார்க்காத பெண்கள், அவள் வளவுக்குப் பின்வேலியால் போனார்கள். வடிகான் அடைத்தது, குப்பை வண்டி வராதது, ஆலைக் கூலி எல்லாம் அங்கேதான் பேச்சு.

தேர்தலில் ஒரு வட்டாரமும் கிடைக்கவில்லை. ஆனால் மொத்த வாக்குக்காகக் கட்சிக்கு ஓர் ஆசனம் வந்தது. யாருக்கு என்று இவர்தான் பெயர் கொடுக்க வேண்டும். சபைக்கு அவர் உடுத்திப்போக நான் வெள்ளைச் சேர்ட்டை மினுக்கி மடித்து வைத்திருந்தேன்.

"ஸுல்பிகாட பேரக் குடுத்திட்டன்" என்றார்.

"ஒங்களுக்கு விசரா? எத்தின தரம் தோத்த மனுசன்!"

"வாக்கெல்லாம் அவட வளவச் சுத்தித்தான் விழுந்திரிக்கி புள்ள. பலகைய அங்க அனுப்பினது ஆரு? நானா?"

அடுத்த நாள் ஸுல்பிகா இனிப்பு வட்டிலப்பத்தோடு வந்தாள். "சீனி வருத்தக்காரர் ஊட்டுக்கு வட்டிலப்பமாடி?" என்றேன்.

"ஒங்களுக்குத்தான் சாச்சி."

தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதுவும் எரிச்சல்.

ஸுல்பிகா இப்போது இரண்டாவது தடவையாகச் சபையில் இருக்கிறாள். அவள் வீடு எங்களிலிருந்து மூன்றாவது வளவுதான்; என் விறாந்தையிலிருந்து பார்த்தால் அந்தப் பலகை தெரியும்.