தொண்ணூற்று நான்கு

அந்தப் பேருந்து நிறுவனத்தின் கணினிப் பிரிவில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட நான்கு வயது மூத்த மேலாளருக்கும் அவள் அக்காதான். டிரைவர்களுக்கு டியூட்டி அட்டவணை போடுகிற நிரல் இருபது வருடத்துக்கு முன்பு அவள் எழுதியது. எந்த டிரைவருக்கு எந்த வண்டி, எந்த ஷிப்ட் என்று தினமும் விடிவதற்குள் நானூறு பேருக்கு அது சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் ஊரே நடந்துபோக வேண்டியதுதான்.

அக்காவிடம் ஒரு குறை உண்டு. 'முடியாது' என்ற சொல் அவள் வாயில் வரவே வராது. டிப்போவிலிருந்து டைம்கீப்பர் போன் செய்வார். "அக்கா, 216-க்குச் செவ்வாய்க்கிழமை காலையில டியூட்டி வேணாம். பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம், பாவம்." அக்கா உடனே ஒரு வரி சேர்ப்பாள்: ஆள் 216 என்றால், நாள் செவ்வாய் என்றால், காலை ஷிப்ட் கொடுக்காதே. இப்படியென்றால் அப்படி என்று பாதை பிரிகிற இடத்துக்கு அவர்கள் தொழிலில் இஃப் என்று பெயர். அடுத்த வாரம் இன்னொரு போன் வரும். பதினேழாம் வண்டிக்குக் கிளட்ச் இறுகிவிட்டது, முழங்கால் வலிக்காரருக்கு அதைக் கொடுக்காதீர்கள். போடு ஒரு இஃப். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, ஒரே ஷிப்டில் போடாதீர்கள். அதற்கும் ஒன்று. மூன்று மாதம் கழித்து இருவரும் சமாதானம், சேர்த்தே போடலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாமாம். அந்த இஃபுக்கு உள்ளேயே இன்னொரு இஃப்.

இப்படி வளர்ந்த நிரலை வேறு யார் திறந்தாலும் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவார்கள். அவளுக்கு மட்டும்தான் எல்லாம் அத்துப்படி. அதனால் எது நின்றாலும் போன் அவளுக்குத்தான். மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது பள்ளியில் நாடகம். ராணி வேஷத்தில் வந்து முதல் வசனத்துக்கு வாயைத் திறக்கிறாள், அக்காவின் போன் அடிக்கிறது. நாடகம் முடிந்து ஓடிவந்த பிள்ளை பார்த்தது காலி நாற்காலியை. அதற்குப் பிறகு வீட்டில் எப்போது போன் அடித்தாலும் அந்தப் பெண் அம்மாவின் கைப்பையை எடுத்துவந்து நீட்டுவாள். "போகணுமா?" என்பாள். அதில் துளிகூடக் கோபம் இருக்காது. அதுதான் அக்காவுக்குச் சுருக்கென்று தைக்கும்.

இப்போது அந்த மகளுக்கே பிரசவம். ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை, நினைத்த நேரத்தில் வர முடியாது. மகள் போனில், "முடிஞ்சா வாம்மா" என்றாள். வந்தே தீர வேண்டும் என்று சண்டை போட்டிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பாள். அந்த 'முடிஞ்சா' அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மூன்று வாரம் விடுப்பு கேட்டாள். மேலாளர் கையைப் பிசைந்தார். "உங்களுக்கு இல்லாத லீவாக்கா? ஆனா நடுவுல அது நின்னுச்சுன்னா நான் யார்கிட்ட ஓடுவேன்? இன்னொருத்தர் தொடுற மாதிரி ஆக்கிக் குடுங்க, கண்ண மூடிக்கிட்டு கையெழுத்துப் போடறேன்."

கூடவே தலைமையகத்திலிருந்து வந்த புது மென்பொருள் ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு நிரல் துண்டிலும் பாதை எத்தனை இடத்தில் பிரிகிறது என்று எண்ணி, அதோடு ஒன்றைக் கூட்டி அது மார்க் போடும். பத்துக்குள் என்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு. சாதாரணப் பரீட்சை மாதிரி இல்லை, இதில் மார்க் குறையக் குறைய நல்லது. அக்காவின் நிரல் வாங்கியது தொண்ணூற்று நான்கு.

"அடேங்கப்பா! நம்ம பஸ்கூட இத்தனை ஸ்டாப்புல நிக்காதே" என்றார் மேலாளர். பிரிவே சிரித்தது. அக்காவும் சிரித்து வைத்தாள், அவமானத்தில் முகம் எரிந்தது.

பிரசவத்துக்கு ஒரு மாதம் இருந்தது. அக்கா என்ன செய்தாள் தெரியுமா? அந்த ஒரே நீள நிரலைப் பதினான்கு துண்டாக வெட்டிப்போட்டாள்! முதல் துண்டு ஐந்தாவதைக் கூப்பிடும், ஐந்தாவது பதினொன்றைக் கூப்பிடும், அது திரும்ப மூன்றாவதிடம் வரும். அந்த மென்பொருள் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகத்தானே எண்ணுகிறது? பதினான்கும் பச்சை. உள்ளே ஒரு இஃப்கூடக் குறையவில்லை. சுத்தக் கண்துடைப்பு, அது அவளுக்கே தெரியும். இருபது வருடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தவளை அவசரம் அப்படிச் செய்ய வைத்தது.

பச்சையைப் பார்த்த மேலாளர் குளிர்ந்துபோய் விடுப்புத் தாளை எடுத்தார். அதற்கு முன்பு பக்கத்து மேசைக்காரர் ஒரே ஒரு சின்ன மாற்றத்தைத் தனியாகச் செய்து காட்டட்டும் என்றார். அந்த மனிதருக்குப் பட்டப்பெயர் சந்தேகம். சாப்பிடக் கூப்பிட்டாலும் "ஒரு சந்தேகம்" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒரு டிரைவருக்குச் சனிக்கிழமை மாலை டியூட்டி வேண்டாம், அவ்வளவுதான் மாற்றம். காலையில் உட்கார்ந்தவர் மத்தியானம்வரை துண்டுக்குத் துண்டு தாவினார். தாளில் அம்புக்குறி போட்டுப் போட்டுத் தாள் கறுத்துப்போனது.

"அக்கா, ஒரு சந்தேகம். முன்னாடி தொலைஞ்சா ஒரே இடத்துல தொலைவேன். இப்ப எங்க தொலைஞ்சேன்னே தெரியல. இதுல என்ன குறைஞ்சிருக்கு?"

"எல்லாம் பச்சையா இருக்கே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?" அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பச்சை நல்லா தெரியுதுக்கா. வழிதான் தெரியல. அப்புறம் இன்னொரு சந்தேகம், யாரு இந்த 216? ஊழியர் பட்டியல்ல அப்படி ஒரு நம்பரே இல்லையே."

216 இறந்து நான்கு வருடம். அவர் மனைவி அவருக்கும் முன்னால் போய்விட்டாள். இல்லாத மனிதருக்கு இல்லாத மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அந்த நிரல் இன்னும் ஒவ்வொரு செவ்வாயும் ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தது.

அக்காவே போய், "அந்தத் தாள்ல இப்போ கையெழுத்துப் போடாதீங்க" என்று மேலாளரிடம் சொன்னாள். மகளுக்குப் போன் செய்யத் தைரியம் வரவில்லை. மூன்று வாரம்தான் பாக்கி.

மறுநாள் தொண்ணூற்று மூன்று பிரிவுகளையும் தாளில் எழுதிக்கொண்டு டிப்போவுக்குப் போனாள். இத்தனை வருடத்தில் டைம்கீப்பரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. டீசல் வாடை அடிக்கும் அறையில், சாவிக்கொத்துகள் தொங்கும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"இந்த முழங்கால் வலிக்காரரு?"

"ரிட்டையர் ஆயிட்டாருக்கா. அந்தப் பதினேழாம் வண்டியையே பழைய இரும்புக்குப் போட்டு ஏழு வருஷமாச்சு."

"அண்ணன் தம்பி?"

"ஒண்ணா வீடு கட்டிக்கிட்டு இருக்காங்க."

"ஏங்க, இதையெல்லாம் எங்கிட்ட சொல்லக் கூடாதா?"

அவர் வெகுளியாக அவளைப் பார்த்தார். "சேக்கணும்னா போன் பண்ணுவோம்க்கா. எடுக்கச் சொல்லி யாரு போன் பண்ணுவா?"

திரும்பி வரும் பேருந்தில் அக்கா அதையே அசைபோட்டாள். அவளும் ஒருநாள்கூட எடுக்கட்டுமா என்று கேட்டதில்லை. தான் இல்லாவிட்டால் எதுவும் நகராது என்பதில் அவளுக்கு ஒரு ருசி இருந்தது. அந்த ருசிக்கு அவள் மகளின் நாடகத்தைக் கொடுத்திருக்கிறாள். கூட்டத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது.

தொண்ணூற்று மூன்றில் உயிரோடு இருந்தவை முப்பத்தெட்டு. அவற்றில் முக்கால்வாசி சொன்னது ஒரே சங்கதி: இன்னாருக்கு, இந்த நாள், இந்த ஷிப்ட் வேண்டாம். இதற்கு நிரலில் எதற்குத் தனித்தனி வரி? ஒரு பட்டியல் போதும். டைம்கீப்பரே அதில் எழுதலாம், வேண்டாதபோது அவரே அடிக்கலாம். நிரல் பட்டியலைப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். பதினான்கு துண்டுகளையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். கடைசியாக அழித்தது 216-இன் வரியை. "மன்னிச்சுக்கோங்க ஐயா" என்று வாய்விட்டே சொன்னாள்.

மீதியிருந்தது நான்கு சின்னத் துண்டு, எதன் மார்க்கும் எட்டைத் தாண்டவில்லை. சந்தேகத்துக்கு அந்தச் சனிக்கிழமை மாற்றம் இருபது நிமிடத்தில் முடிந்தது. "ஒரு சந்தேகம்க்கா" என்றார். "இவ்வளவுதானா?"

பேத்தி பிறந்த மூன்றாம் நாள். ஆஸ்பத்திரி அறையில் மகள் குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். அக்காவின் போன் அடித்தது. ஆபீஸ் நம்பர். அவள் போனை எடுப்பதற்குள், மகளின் ஒரு கை தன்னாலே நீண்டு மேசையிலிருந்த கைப்பையைப் பிடித்தது.

"போகணுமா?"

போனில் சந்தேகம். "அக்கா, புது ரூட் ஒண்ணு வந்துச்சு, சேத்துட்டேன். காலையில எல்லா வண்டியும் கிளம்பிடுச்சு. சந்தேகம் ஒண்ணும் இல்ல, சும்மா சொல்லலாம்னு கூப்பிட்டேன். குழந்தை யாரு மாதிரி?"

அக்கா ஏதோ பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"என்னம்மா? ஏதாச்சும் நின்னுபோச்சா?"

"இல்லடி. எல்லாம் ஓடுது. நான் இல்லாமலே ஓடுது."

மகள் இன்னும் பையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். அக்கா அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். "குழந்தையை இப்படிக் குடு, நீ கொஞ்சம் தூங்கு" என்றாள்.