லைன்மேன் தைத்த பை

கம்பத்திலிருந்து இறங்கி ஒன்பது வருஷம் ஆகியும் தெருவில் எல்லாரும் அவரை லைன்மேன் என்றுதான் கூப்பிட்டார்கள். உண்மையில் அவர் அப்போது மின்சார அலுவலகத்தின் புகார்ப் பிரிவில், ஜன்னலோரம் ஒரு மேஜையும் இரண்டு தொலைபேசியுமாக உட்கார்ந்திருந்தார். யாராவது அழைத்து "கரண்ட் இல்ல" என்றால் கதவு எண்ணைக் கேட்பதற்கு முன்பே, "பச்சை கேட் வீட்டுக்குப் பக்கத்துக் கம்பமா? உச்சியில காக்கா கூடு கட்டுமே, அதானே?" என்பார்.

இருபது வருஷம் மேலே ஏறி இறங்கியவர். மேலேயிருந்து பார்த்தால் அதே தெருவுக்கு வேறு முகம். மொட்டை மாடிகளில் வெயிலுக்குப் போட்ட தலையணைகள், எந்தப் பிள்ளையோ தொலைத்துவிட்டு அழுத பந்துகள், கண்ணாடி முன் நின்று யாருக்கோ மன்னிப்புக் கேட்டுப் பழகும் ஒரு ஆள். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா, அவரைக் கம்பத்தில் பார்த்தால் போதும், துணி காயப்போடும் கொடிக்கம்பில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி ஜன்னல் வழியாக நீட்டிவிடுவார். இதெல்லாம் போகட்டும். பழுதைச் சரிசெய்து கீழே கைகாட்டியதும் மின்சாரம் வரும், பாருங்கள், அந்த நொடியில் தெரு முழுக்க ஒரே குரலாக ஒரு "ஹோ!" எழும். அதற்காகவே இன்னும் பத்துக் கம்பம் ஏறலாம் போலிருக்கும். புகார் மேஜையில் அது கிடையாது. கரண்ட் போனால்தான் தொலைபேசி அடிக்கும். வந்துவிட்டது என்று சொல்ல யாரும் அழைப்பதில்லை.

மழையில்லாத, காற்றில்லாத ஒரு மத்தியானம் அவருடைய கைக்கடிகார வார் அறுந்தது. இரண்டு தொலைபேசியும் வாயை மூடிக்கொண்டிருந்தன. வாரை எப்படி ஒட்டுவது என்று செல்போனில் தேடினார். ஒரு வீடியோ இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போனது. முகம் தெரியாத யாரோ ஒருவர், கைகள் மட்டும் தெரிய, ஒரு துண்டுத் தோலை வெட்டி, ஓட்டை போட்டு, ஒரே நூலின் இரண்டு முனைகளிலும் ஊசி கோத்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகத் தைத்துக்கொண்டே போனார். பேச்சில்லை, பாட்டில்லை. அலுவலகம் முடியும் வரை அந்தக் கைகளைப் பார்த்தார். ஒன்பது வருஷமாகப் பேனாவைத் தவிர எதையும் பிடிக்காத தன் கைகளையும் நடுநடுவே பார்த்துக்கொண்டார்.

அந்த வாரக் கடைசியில், கைப்பை செய்யும் பட்டறை ஒன்றில் மிஞ்சிய துண்டுத் தோல்களை எடைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேஜையில் பரப்பி வைத்தார். வீடே செருப்புக் கடை மாதிரி நாறியது.

அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவார். புருஷன் முகத்தையும் அப்படித்தான். அன்றைக்கு மேஜையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தட்டுகளை எடுத்துக்கொண்டுபோய் ஹாலில் தரையில் வைத்தார். அதற்கப்புறம் பல மாதம் அவர்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள்.

முதலில் செய்தது கடிகார வார். ஒரு ஓட்டையில் மாட்டினால் கடிகாரம் வளையல் மாதிரி சுற்றியது. அடுத்த ஓட்டையில் மாட்டினால் விரல்கள் நீலம் பாரித்தன.

"ரத்தம் நின்னுபோச்சுன்னா எங்க கடைக்கு வாங்க. மாத்திரை எடுத்துத் தரேன்" என்றார் மனைவி.

அடுத்தது ஒரு பர்ஸ். அதை மடித்தால் மூடாது. கொட்டாவி விட்டபடி மேஜையில் கிடக்கும். அதைப் படம் எடுத்து, 'தோலும் நூலும்' என்று பெயர் வைத்திருந்த ஒரு இணையக் குழுவில் போட்டார். வேறு வேறு ஊர்களில் பொழுதுபோக்குக்குத் தோல் வேலை செய்கிறவர்கள் கூடும் இடம் அது. ஒரே ஒரு விதிதான்: படம் போடுகிறவர் எங்கே சொதப்பினார் என்பதையும் கூடவே எழுத வேண்டும். அவர் எழுதினார்: "எங்கே சொதப்பவில்லை என்று கேட்டால் சுலபமாகச் சொல்வேன்."

நாற்பது பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் வேலையைப் பார்த்தார். 'ஊசிக்காரி' என்ற பெயரில் எழுதுபவர். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை, இரண்டு வருஷமாகத்தான் தைக்கிறாராம். "உங்க தையல் ஒண்ணு இப்படியும் ஒண்ணு அப்படியும் சாயுது. ஒரு ஓட்டையில வலது ஊசியை முதல்ல விடறீங்க, அடுத்ததுல இடது. எதையாவது ஒண்ணை முதல்ல விடுங்க, ஆனா கடைசி வரைக்கும் அதையே விடுங்க. நான் இதைக் கண்டுபிடிக்க எட்டு மாசம் ஆச்சு. நீங்க இன்னிக்கே திருத்திக்கலாம்" என்று எழுதியிருந்தார். லைன்மேன் திருத்திக்கொண்டார். தையல் நேரானது. சாவி உறை, மூக்குக்கண்ணாடி உறை, மனைவிக்கு ஒரு தோள்பை என்று ஒவ்வொன்றாக வந்தது. தோள்பையை மனைவி கடைக்கு மாட்டிக்கொண்டு போன அன்று, "யார் செஞ்சதுன்னு கேட்டாங்க. தெரிஞ்ச ஆளு ஒருத்தர்னு சொல்லிட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு பாராட்டு அந்த வீட்டில் வழக்கமில்லை.

இத்தனைக்கும் நடுவே அவர் மனசு வேறொன்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பம் ஏறிய காலத்தில் இடுப்பில் தொங்கிய கருவிப் பை. கனத்த தோல், வியர்வையிலும் மழையிலும் ஊறிக் கறுத்துப்போனது. புகார்ப் பிரிவுக்கு மாற்றியபோது கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது போய்க் கேட்டால் ஸ்டோரில் சிரித்தார்கள். "அதெல்லாம் எப்பவோ கழிச்சுக் கட்டியாச்சு சார். இப்ப நைலான்தான்."

சரி, நாமே தைத்துவிடலாம் என்று உட்கார்ந்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. குறடுக்கு அறை வலப்பக்கமா, பின்பக்கமா? டெஸ்டர் எங்கே நின்றது? காகிதத்தில் நாலு தடவை வரைந்து நாலையும் கசக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவிதான் வழி சொன்னார். "மூளைக்கு ஞாபகம் இல்லன்னா கையைக் கேளுங்க. நான் கடையில மருந்து எடுக்கறப்ப பாத்தா எடுக்கறேன்? கை தானாப் போகும்."

ஹாலுக்கு நடுவில் அவரை நிற்க வைத்து, பழைய காலண்டர் அட்டையை இடுப்பில் கயிற்றால் கட்டினார். கண்ணை மூடச் சொன்னார். "நீங்க மேல இருக்கீங்க. இடது கை கம்பத்தைப் பிடிச்சிருக்கு. குறடு எடுங்க."

வலது கை சட்டென்று கீழே போய் இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் நின்றது. மனைவி அங்கே பென்சிலால் கோடு போட்டார். "ஸ்பேனர்." கை போனது. "டேப்." போனது. கை ஒரு தடவைகூடத் தயங்கவில்லை. லைன்மேனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஏய், மூணாவது மாடி அம்மா தண்ணி நீட்டறாங்க!" என்றார் கண்ணைத் திறக்காமலே.

"வாங்கிக் குடிச்சிட்டு வேலையப் பாருங்க. அடுத்து டெஸ்டர்."

டெஸ்டருக்குப் போன கை பாதியில் நின்றுவிட்டது. அப்படியே நின்றார். முகத்தில் சிரிப்பு காணாமல் போனது.

"டெஸ்டர்தான் கடைசியா விழுந்தது" என்றார்.

மனைவி பென்சிலை நிறுத்தினார்.

"நான் ஏணியில ரெண்டு படி வழுக்கினேன்னு சொன்னேனே. அது பொய்."

"தெரியும்."

கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு படி வழுக்கினவருக்கு இடுப்புல பிளேட் வைக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக் காகிதத்தை நான் படிக்க மாட்டேன்னா நெனச்சீங்க? எப்ப சொல்லுவீங்கன்னுதான் ஒன்பது வருஷமாப் பாத்துட்டிருந்தேன்."

அதற்கப்புறம்தான் முழுசாகச் சொன்னார். காலையில் பெய்த மழையில் கம்பம் ஊறியிருந்தது. கால் நழுவியது. கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பாதுகாப்பு வார் அவரைத் தரையில் விழவிடாமல் பிடித்துக்கொண்டது, ஆனால் தலைகீழாக. இடுப்பு நொறுங்கி, ஏணி வண்டி வரும்வரை நாற்பது நிமிஷம் அப்படியே தொங்கினார். பையிலிருந்த கருவிகள் ஒவ்வொன்றாகச் சரிந்து கீழே விழுந்தன. ஒவ்வொன்றும் தரையைத் தொடும் சத்தத்தை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்த்த நெட்டை என்கிற ஆள்தான் பக்கத்தில் ஏறிவந்து, அவர் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு, நாற்பது நிமிஷமும் வாய்க்கு வந்த கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணை மூடவிடவில்லை.

தொங்கியது மனைவிக்குத் தெரியாது. எலும்பு முறிந்தது காகிதத்தில் இருந்தது. நாற்பது நிமிஷம் காகிதத்தில் இல்லை. மனைவி எழுந்து உள்ளே போனார். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. லைன்மேன் இடுப்பில் அட்டையோடு நடு ஹாலில் அப்படியே நின்றார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஈரமாக இருந்தது, பென்சில் சீவியிருந்தது.

"ம், கண்ண மூடுங்க. டெஸ்டர்."

கை போனது.

கோடுகளைப் பார்த்து, மரப்பட்டை போட்டுப் பதப்படுத்திய கனத்த தோலை வாங்கி, மூன்று வாரம் வேலை செய்தார். கடைசித் தையலை முடித்துவிட்டு இடுப்பில் கட்டினால் எல்லாம் தலைகீழ். அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டிவிட்டார். இடதுகைக்காரனுக்கான பை தயாராகியிருந்தது. மனைவி சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக்காரர்கள் மேலே வந்து என்னவென்று விசாரித்தார்கள். நடந்ததை நடந்தபடி குழுவில் எழுதிப் படமும் போட்டார். மறுநாளே ஒரு தச்சர் பதில் போட்டிருந்தார். "அண்ணே, நான் இடதுகைக்காரன். பொறந்ததிலருந்து எனக்குன்னு ஒரு பை எங்கயும் கிடைச்சதில்ல. அதைப் பிரிச்சுடாதீங்க." தபாலில் அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து ஒரு படம் வந்தது: தச்சர் இடுப்பில் பை, பையில் மூன்று உளிகள், தச்சர் முகத்தில் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய களை.

இரண்டாவது தடவை ஒழுங்காக வெட்டினார். வாயகன்ற, இரட்டைத் தையல் போட்ட, விளிம்பெல்லாம் தேன்மெழுகு தேய்த்து வழவழப்பாக்கிய பை. அதை அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனார். நெட்டை இப்போது மேற்பார்வையாளர். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். பையைப் பார்த்ததும் வாங்கித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, வயிற்றை எக்கி, வெறுங்கையால் குறடு எடுப்பது போல எடுத்துப் பார்த்தார்.

"தப்பு. குறடு இன்னும் ரெண்டு விரல் பின்னாடி."

"உன் கை நீளம். உனக்கு எல்லாமே பின்னாடிதான்."

நெட்டை சிரித்தார். அப்புறம் பையின் வாரைத் தடவியபடியே நின்றார்.

"அன்னிக்குக் கீழ விழுந்ததையெல்லாம் நான்தான் பொறுக்கினேன். எல்லாத்தையும் ஸ்டோர்ல கொடுத்துட்டேன். குறடை மட்டும் கொடுக்கல. வீட்டுல இருக்கு. உங்கிட்ட கொடுத்தா அந்த நாளைப் பத்திப் பேசவேண்டியிருக்குமேன்னு கொடுக்கல."

"நீ என்னென்ன கதை சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. நடுங்கிட்டிருந்தேன்டா."

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. உன் மாமனார் சைக்கிளோட கிணத்துல விழுந்தது உட்பட."

இரண்டு பேரும் அங்கேயே, மாடிப்படியில், மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து அந்த நாளைப் பற்றிப் பேசினார்கள். தொலைபேசி அடித்தது, வேறு யாரோ எடுத்தார்கள். எழுந்திருக்கும்போது நெட்டை பையை அவிழ்க்கப் போனார்.

"இருக்கட்டும். நீயே வச்சுக்க. குறடையும் அதுலயே போட்டு வை."

அதற்குப் பிறகு லைன்மேன்கள் ஒவ்வொருவராக வந்து கேட்க ஆரம்பித்தார்கள். வாரக் கடைசிகளில் செய்து கொடுத்தார். ஒவ்வொருவரையும் கண்ணை மூடச் சொல்லி, கை போகிற இடத்தில் கோடு போட்டுத்தான் வெட்டுவார். கோடு போடும் வேலை மனைவியுடையது. இரண்டு பேர் கைக்கு ஒரே அளவு வந்ததே இல்லை என்று கடையில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ஒருவர் பாதுகாப்பு வாரும் தைத்துத் தரச் சொன்னபோது மட்டும் தலையை ஆட்டிவிட்டார். "கருவியைத் தாங்கறதுக்கு நான் தைப்பேன். ஆளைத் தாங்கறது ஆபீஸ்ல சோதிச்சுக் கொடுக்கறதாத்தான் இருக்கணும்."

லைன்மேன் ஓய்வு பெற்ற பின் ஒரு நாள் காலையில், மனைவியோடு கடைத்தெருவுக்கு நடந்துகொண்டிருந்தார். திருப்பத்துக் கம்பத்தில் ஒருவர் வேலை செய்துகொண்டிருந்தார். புதியவர், அவருக்கு முகம் தெரியாது. இடுப்பில் பை மட்டும் தெரிந்தது. வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தது. யாருக்குச் செய்தது, யார் கை மாறி இந்த ஆளிடம் வந்தது என்று லைன்மேனுக்குப் பிடிபடவில்லை.

"கூப்பிட்டுச் சொல்லுங்களேன், நான் தைச்சதுன்னு" என்றார் மனைவி.

"வேலையில இருக்கறவரைக் கூப்பிடக் கூடாது."

எதிர்க்கடை நிழலில் ஒதுங்கி நின்றார்கள். மேலே இருந்தவரின் கை பார்க்காமலே பின்னால் போய்க் குறடை எடுத்தது, வைத்தது, டெஸ்டரை எடுத்தது. லைன்மேனின் வலது கையும் அதோடு கூடவே லேசாக அசைந்துகொண்டிருந்ததை மனைவி பார்த்தார். மேலே இருந்தவர் கைகாட்டினார். அடுத்த நொடி கடைகளில் விளக்குகள் எரிந்தன, மாடிகளிலிருந்தெல்லாம் "ஹோ!" என்று ஒரு சத்தம் எழுந்தது. லைன்மேனும் கத்தினார், எல்லாரையும்விடச் சத்தமாக.

"போதும், வாங்க. காய்கறிக் கடையில கூட்டம் சேந்துடும்" என்று மனைவி அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.