ஏரிக்கரைக்கு வந்த ஆறு எண்கள்

சென்ற குளிர்காலத்தில், பனி விலகாத ஒரு சனிக்கிழமைக் காலையில், பனமரத்துப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி நடந்தது இது. என் மனைவியைத் தேர்வு எழுத அழைத்துப் போயிருந்தேன்.

எனக்கு அறுபத்தைந்து வயது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். என் மனைவிக்கு ஐம்பத்திரண்டு. அத்தை மகள் என்பதால் வயது வித்தியாசத்தை அந்தக் காலத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாமகிரிப்பேட்டைக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலையில் தொடர முடியாது என்று ஆகிவிட்டது. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருடம் இருந்ததால் அவளும் எழுத வேண்டியதாயிற்று. இருபத்தேழு வருடம் ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ போடக் கற்றுக்கொடுத்தவள், ஆறு மாதம் விடியற்காலை எழுந்து சமையலறை மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படித்தாள். “பிள்ளைங்களுக்குப் பரீட்சை வெச்சவளுக்கே பரீட்சையா” என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை. அந்த வேலை அவளுக்குச் சம்பளம் மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேலி செய்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லாக் காகிதங்களும் என் பொறுப்பு. அவளுடைய சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், ஆதார் அட்டை எல்லாம் என் கோப்பில்தான் இருக்கும். எங்கே கைபேசி எண் கேட்டாலும் என் எண்ணைத்தான் எழுதுவேன். அவள் சம்பளம் ஏறினால் என் சட்டைப் பைதான் முதலில் அதிரும். இதை அக்கறை என்றே நான் நினைத்திருந்தேன்.

அன்று காலை பேருந்தில் அவள் கேட்டாள். “ஏனுங்க, அந்த ஆதார் கார்டை நானே வெச்சுக்கட்டுங்களா?”

“உன்ற கைப்பையில போட்டா அப்புறம் ஆண்டவனாலயும் எடுக்க முடியாது. நான் வெச்சிருக்கேன், நீ படி” என்றேன். பக்கத்து இருக்கைக்காரர் சிரித்தார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி வாசலில் நல்ல கூட்டம். உடன் வந்தவர்களில் பாதிப் பேர் கணவன்மார்கள். ஒருவர் கையில் குழந்தை, ஒருவர் கையில் டிபன் கேரியர். கைபேசி, கைக்கடிகாரம், பை எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். அவள் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டேன். அவள் கைபேசியை நானே அணைத்துப் பைக்குள் போட்டேன். நுழைவுச் சீட்டையும் இரண்டு கறுப்புப் பேனாக்களையும் கொடுத்தேன். வெளிவாசலில் நுழைவுச் சீட்டை மட்டும் பார்த்து உள்ளே விட்டார்கள். ஆதார் அட்டை என் சட்டைப் பையில், என் ஓய்வூதிய அட்டையோடு ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. அது எனக்கு நினைவே வரவில்லை.

ஒரு மணிக்குத்தான் விடுவார்கள். எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. தலையில் முக்காடு போட்ட ஒரு பெண் இயந்திரத்தின் முன் நின்று படபடவென்று தாள்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டேன்.

“ஏரி இருக்குதுங்க சார். இந்தத் தார் ரோட்டைப் புடிச்சு நேரா நடங்க, ரெண்டு கிலோமீட்டர். இந்நேரத்துக்கு அரளி பறிச்சிட்டிருப்பாங்க, பாத்துட்டே போயிரலாம்.”

நடந்தேன். மனைவியின் கைப்பை என் தோளில் தொங்கியது. சாலையின் இரண்டு பக்கமும் அரளித் தோட்டங்கள். பனிக்குள் இளஞ்சிவப்பு மொட்டுகள் தனியாக மிதப்பதுபோல் இருந்தன. செடி தெரியவில்லை, பறிக்கிறவர்களின் கைகள் மட்டும் தெரிந்தன. வரப்போரம் நின்ற ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பை நல்லா இருக்குதுங்க சாமி. எங்க வாங்குனீங்க?”

“சம்சாரம் பரீட்சை எழுதுது. அதோட பை” என்றேன்.

“பையத் தூக்கிட்டீங்கள்ல, நீங்க பாஸுங்க” என்றார். பனிக்குள்ளிருந்து நாலைந்து பேர் சிரித்தார்கள். முகம் தெரியாத சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது.

ஏரிக்கரைமேல் ஏறியபோது ஒன்பது மணி இருக்கும். ஒரு காலத்தில் சேலத்துக்கே குடிதண்ணீர் கொடுத்த ஏரி. இப்போது பெரும்பகுதி சீமைக்கருவேலங்காடு. நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அதன்மேல் பனி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. எதிரே ஜருகுமலையின் அடிப்பாகம் மறைந்து, உச்சி மட்டும் வானத்தில் வைத்ததுபோல் நின்றது. ஒரு நீர்க்காகம் பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது. முழங்கால் தண்ணீரில் ஒருவர் வலை வீசினார். வலை விரிந்து விழுந்து வெகு நேரம் கழித்து அதன் சத்தம் வந்ததாக எனக்குத் தோன்றியது. அப்படி இருக்க முடியாது. ஆனால் அன்று அப்படித்தான் கேட்டது.

ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்று ஏழு வருடத்தில் அப்படி ஓர் அமைதியை நான் அனுபவித்ததில்லை. செய்வதற்கு ஒன்றும் இல்லை, திருத்துவதற்கு யாரும் இல்லை. என் எடை குறைந்துகொண்டே வருவதுபோல் இருந்தது. எங்கே வந்திருக்கிறோம், எதற்காக வந்தோம் என்பதே விலகிப் போய்விட்டது.

கைபேசி இரண்டு முறை அதிர்ந்தது. ஏதோ ஓடிபி என்று ஆறு எண்கள். ‘யாரிடமும் பகிர வேண்டாம்’ என்று அதிலேயே இருந்தது. நான் எதற்கும் விண்ணப்பிக்கவில்லையே என்று நினைத்துச் சட்டைப் பையில் போட்டேன். உடனே ஒரு தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தேன். பெண் குரல், பின்னால் ஒரே இரைச்சல்.

“சார், உங்களுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க…”

இந்த மாதிரி மோசடிகளைப் பற்றி ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் நானே அரைமணி நேரம் பேசியிருக்கிறேன். மனைவி மாட்டிக்கொண்டாள், மகன் மாட்டிக்கொண்டான் என்றுதான் தொடங்குவார்கள். நிதானமாகச் சொன்னேன்.

“அம்மா, நான் முப்பது வருஷம் பொருளாதாரம் நடத்துனவன். படிச்ச பொண்ணாட்டம் பேசறீங்க, இந்தப் பொழைப்பு உங்களுக்கு எதுக்கு? வேற ஆளைப் பாருங்க.”

அவர் ஏதோ சொல்ல வந்தார். துண்டித்தேன். மறுபடி அழைப்பு வந்தது. அந்த எண்ணையே தடை செய்துவிட்டேன். செய்துவிட்டு, சாயங்காலம் இதை மனைவியிடம் எப்படிச் சொல்லுவது என்றுகூட மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். நீர்க்காகம் பறந்து போயிற்று. அது தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் போவதைப் பார்த்தபடி இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கரைமேல் ஒரு மொபெட் சத்தம். வெள்ளைத் தொப்பி போட்ட, என் வயதை ஒட்டிய ஒருவர் வண்டியை அணைக்காமலே என் தோளில் இருந்த பையைப் பார்த்தார்.

“பையத் தேடித்தான் வந்தேன். பரீட்சைக்கு வந்த சார் நீங்கதானுங்களே?”

“ஆமா.”

“ஜெராக்ஸ் கடை எங்களுதுங்க. போன் பண்ணது என்ற சம்சாரம். அதுக்கு நல்லாப் பாடம் எடுத்தீங்களாமே?”

எனக்குப் புரியவில்லை. அவர் என் சட்டைப் பையைக் கை நீட்டிக் காட்டினார். “உங்க ஊட்டம்மாவோட கார்டு உங்ககிட்டத்தான் இருக்குதாம். உள்ள மேசையில ஒரிஜினல் கேக்கறாங்க. அந்தம்மா கேட்டோட கம்பியப் புடிச்சிட்டு நிக்குது. ஒன்பதரைக்குப் பூட்டிருவாங்க.”

உறையை எடுத்தேன். என் ஓய்வூதிய அட்டைக்குப் பின்னால் அவள் முகம் இருந்தது.

பிறகு தெரிந்துகொண்டது இது. உள்வாசல் மேசையில் அவளை நிறுத்திவிட்டார்கள். வெளியே வரவும் விடவில்லை. அவள் வெளிவாசல் கம்பி வழியாகச் சாலையைப் பார்த்துச் சத்தம் போட்டுக் கூப்பிட, ஜெராக்ஸ் கடைப் பெண் ஓடியிருக்கிறார். கணினியிலிருந்து ஆதாரைப் பிரதி எடுத்து வந்தால் போதும் என்று அதிகாரி இரங்கிச் சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு எண்களையும் அவள் தடுமாறாமல் மனப்பாடமாகச் சொன்னாளாம். ஆனால் அதைத் திறக்கும் எண் என் கைபேசிக்குத்தான் போகும்.

“வண்டியத் திருப்புங்க, போயிரலாம்” என்று நான் பதறினேன்.

“போறதுக்குள்ள பூட்டிருவான் சார். இந்த ரோட்ல ரெண்டு பேரை வெச்சுட்டு என்ற வண்டி நடந்துதான் போவும். நம்பரைச் சொல்லுங்க.” தன் கைபேசியில் தன் மனைவியைக் கூப்பிட்டு என் கையில் கொடுத்தார். முதலில் வந்த எண்ணின் நேரம் முடிந்திருந்தது. அந்தப் பெண் மறுபடி அனுப்பினார். வரவில்லை. ஏரிக்கரையில் நின்று கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தேன். அந்த ஒரு நிமிடத்தில் ஏரி, மலை, பனி எதுவும் என் கண்ணில் இல்லை. அதிர்ந்தது. ஆறு எண்களையும் ஒரே மூச்சில் வாசித்தேன்.

“ரெண்டா, ஏழா சார்? தெளிவாச் சொல்லுங்க” என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அவசரம் மட்டும்தான் இருந்தது.

“ஏழும்மா. ஏழு.”

அழைப்பைத் துண்டிக்காமலே அவர் ஓடுவது கேட்டது. செருப்புச் சத்தம், மூச்சு வாங்கும் சத்தம், யாரோ “நகருங்க, நகருங்க” என்பது, இரும்புக் கதவின் கிரீச். பிறகு, “போயிட்டாங்க சார். கடைசி ஆளாப் போயிட்டாங்க.”

மொபெட்காரர் என்னைப் பார்த்துவிட்டு, “உக்காருங்க, மொகமெல்லாம் வேர்த்துப்போச்சு” என்றார். அந்தக் குளிரில் எனக்கு வேர்த்திருந்தது.

கடைக்குத் திரும்பி அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். “வுடுங்க சார். ஏமாத்தறவங்களும் இப்படித்தானே பேசறாங்க” என்றார். பிரதிக்குப் பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு, தாளை அடுக்கிக்கொண்டே, “அம்மாவோட நம்பரையே அம்மா கார்டுல போட்டு வுட்டிருங்க” என்றார். முப்பது வருடம் வகுப்பில் நின்று பேசிய நான் பள்ளிப் பிள்ளைபோல் தலையாட்டினேன்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தக் கடை வாசலிலேயே இருந்தேன். எங்கும் போகவில்லை.

ஒரு மணிக்கு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முதலில் கடைக்குள் போய் அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிறகு என்னிடம் வந்து தோளிலிருந்த தன் பையை வாங்கிக்கொண்டாள். ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி அதற்குள் வைத்தாள். பள்ளி மதிலோரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோற்றைப் பிரித்தோம். முதல் அரைமணி ஒன்றுமே எழுத வரவில்லை என்றாள். அப்புறம் சரியாகிவிட்டதாம். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டாள்.

“ஏரி நல்லா இருந்துச்சுங்களா?”

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் என்னை இன்னும் விடவில்லை.

“தண்ணி அவ்வளவா இல்லை” என்றேன்.

அடுத்த வாரம் அவளே இ-சேவை மையத்துக்குப் போய், வரிசையில் நின்று, எண்ணை மாற்றிக்கொண்டு வந்தாள். வங்கியிலும் மாற்றினாள். நான் உடன் வரட்டுமா என்று கேட்டேன். “எதுக்குங்க” என்றாள். தேர்வு முடிவு அவள் கைபேசிக்குத்தான் வந்தது. எனக்குக் காபியை ஆற்றி வைத்துவிட்டு, “பாஸாயிட்டேனுங்க” என்று சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும். அவளுக்கு அது தெரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்தை அவள் தனக்காக வைத்துக்கொண்டாள் என்று நினைத்தபோது எனக்கு வருத்தம் வரவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் அவளிடம் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த நேரத்தில்தான், என் ஆயுளிலேயே அழகான காலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்குள் மிதந்த அந்த மொட்டுகளும் சத்தம் பிந்தி வந்த அந்த வலையும் இப்போதும் கனவில் வருகின்றன. இப்போதெல்லாம் எங்காவது தனியாக நின்று எதையாவது ரசித்துக்கொண்டிருந்தால், என் கை தானாகச் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறது, அவளுடையது எதையாவது கொண்டுவந்துவிட்டேனோ என்று.