தங்கை பார்த்த மாப்பிள்ளைகள்

எங்கள் வீட்டில் பெரியண்ணன் சாமர்த்தியசாலி, நான் படித்தவன். திருப்பத்தூரை ஒட்டிய எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தங்கையைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அதற்கு மேல் படிக்கத் திருப்பத்தூர் போகவேண்டும். வீட்டில் இருந்தது ஒரே சைக்கிள்; அது எனக்கு.

அறுபதுகளின் நடுவில் நான் பி.ஏ. முடித்து, காரைக்குடியில் ஓர் ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கேயே செக்காலைப் பகுதியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அப்பா போனபின் வயலும் குடும்பமும் பெரியண்ணன் கையில். தங்கைக்கு வரன் கொண்டுவந்தவரும் அவர்தான். மாப்பிள்ளைக்கு மதுரையில் மில் வேலை. சீர் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்த கூட்டத்தில் மூன்று வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மாப்பிள்ளையின் அண்ணன் மகன் என்றார்கள். மாப்பிள்ளை என்னோடு இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

அவர்கள் போன பிறகு, தங்கை காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"சின்னண்ணே, அந்தப் புள்ள அவுகளோடது."

"எந்தப் புள்ள?"

"மாட்டுக்குப் பயந்து ஓடியாந்துச்சுல்ல, அது. அவுக அண்ணன் பக்கத்துலதான் இருந்தாக. அவுககிட்டப் போகல, நேரா மாப்பிள்ளை காலைக் கட்டிக்கிருச்சு. இவுக பேச்சைக்கூட நிறுத்தாம தூக்கி, தன் துண்டால மூக்கைத் தொடச்சாக. தகப்பன்னு சொன்னவுக திரும்பியே பாக்கல, வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தாக."

"சித்தப்பான்னா தூக்கக் கூடாதா? ஆதாரம் இல்லாம ஒருத்தரைப் பத்தி இப்படிப் பேசலாமா?"

ஆதாரம் என்ற சொல்லை எவ்வளவு சுகமாகச் சொன்னேன் என்பது இன்றும் காதில் கேட்கிறது.

"மாட்டேன்னு நான் சொல்லல. விசாரிங்கன்னுதான் சொல்றேன். நீங்க படிச்சவுக, நீங்க சொன்னா பெரியண்ணன் கேப்பாக."

பெரியண்ணனிடம் சொன்னேன். "எல்லாம் விசாரிச்சாச்சுடா. அதுக்கு என்ன தெரியும்?" என்றார். அதோடு விட்டுவிட்டேன். கல்யாணம் நடந்தது.

எட்டு மாதம் கழித்து எனக்கு ஒரு கார்டு வந்தது. கோணல் எழுத்தில் ஒரே வரி: 'வந்து கூட்டிக்கிட்டுப் போங்க.' மதுரைக்குப் போனேன். வாசலிலேயே தங்கை துணிப்பையோடு நின்றாள். உள்ளே எலும்பும் தோலுமாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையன் அவள் மடியில் ஒட்டாமல் ஒட்டி இருந்தான். அவள்தான் முதல் மனைவி. காசநோய் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். பிழைக்கமாட்டாள் என்று இவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். பிழைத்து வந்துவிட்டாள்.

"அவுக வீடு இது, வாங்க போவோம்" என்றாள் தங்கை.

பஸ்ஸில் நான் சட்டம் பேசினேன். "மொத சம்சாரம் உயிரோட இருக்கையில உன் கல்யாணமே செல்லாது. கேஸ் போட்டா அவனை உள்ள தள்ளலாம்."

அவள் கேட்டாள்: "கல்யாணம் செல்லாதுன்னா, இந்த எட்டு மாசமும் நான் அங்க யாரா இருந்தேன்?"

கண்டக்டர் வந்ததும் இரண்டு டிக்கெட்டையும் நானே எடுத்தேன்; அவர் நகர்ந்த பிறகு அவள் சொன்னாள்.

"பெரியண்ணனுக்கு எல்லாம் தெரியும்ணே. மாமியார் சொன்னாக. அதனாலதான் சீர் வேண்டாம்னு இருந்தாக."

வீட்டுக்குப் போய் அவரிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அவ செத்துருவான்னுதானடா சொன்னாக. நம்ம புள்ள நல்லா வாழும்னு நெனச்சேன். நான் என்ன ஜோசியனா?" என்று சொல்லி ரசம் ஊற்றச் சொன்னார். கத்தவேண்டும் என்றுதான் வந்திருந்தேன். மதினி எனக்கும் இலை போட்டாள். உட்கார்ந்து சாப்பிட்டேன். கேஸும் போடவில்லை, ஒன்றும் செய்யவில்லை.

தங்கை திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாகச் சேர்ந்து, பக்கத்திலேயே ஒரு வீட்டில் தனியாக இருந்தாள். பத்து வருஷம் போயிற்று. பெரியண்ணன் மகள் கல்யாணத்துக்கு நின்றாள். ஒருநாள் பெரியண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு தங்கையின் வீட்டுக்குப் போனார்.

"தாயி, மாப்பிள்ளை வீட்டுக்காரக வாராக. நீ உள்ள இருந்து ஒரு பார்வை பாத்துச் சொல்லு. உன் கண்ணுக்குத் தப்பாது."

அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்ட அதே வாய். அப்படியென்றால் அன்றைக்கும் அவருக்கு அவளைத் தெரிந்துதான் இருந்தது. ஒருமுறையாவது அவள் அவர் முகத்துக்கு நேராக ஏதாவது கேட்கட்டும் என்று காத்திருந்தேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "என்னிக்கு வாராக?" என்றாள்.

முதலில் வந்த மாப்பிள்ளையை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வேண்டாம்ணே, அவுக அம்மா வாயத் தொறந்தாலே அந்தப் பையனுக்கு முகம் வெளுத்துப் போகுது" என்றாள். இரண்டாவதாக வந்தவருக்குப் பெண்ணைக் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தார்கள். அந்தப் பெண் இன்றுவரை நன்றாக இருக்கிறாள்.

கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் பெரியண்ணன் அவளிடம் வந்து, "நீ இங்குட்டு நிக்காதே, பந்தியப் பாத்துக்க" என்றார். வாழாமல் வந்தவள் மணவறைப் பக்கம் நிற்கக்கூடாதாம். அவள் பந்திக்குப் போனாள். நான் தாய்மாமன்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து போகவில்லை.

மறுநாள் காலை அவளை பஸ் ஏற்றிவிடப் போனேன். "அவர் பண்ணினதுக்கு, அவர் மகளுக்குப் போயி நீ மாப்பிள்ளை பாத்துக் குடுத்தியே" என்றேன்.

"அந்தப் புள்ள என்ன செஞ்சுச்சு?" என்றாள். பிறகு, கோபமே இல்லாமல், "பெரியண்ணன் தெரிஞ்சே செஞ்சாக. நீங்க தெரிஞ்சுக்க மாட்டேன்னு செஞ்சீக. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்ணே" என்றாள்.

பஸ் வந்தது. அவளுடைய பையை வாங்கி உள்ளே வைத்தேன். டிக்கெட்டை அவளே எடுத்துக்கொண்டாள்.