ஈசானிய மூலையில் தோண்டிய குழிகள்

எங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் பழைய சாயப்பட்டறைக்கும் நடுவில் ஒரு மதில்தான். பட்டறை ஓடிய காலத்தில் கிணறு ஒரு நாள் நீலம், ஒரு நாள் சிவப்பு. பட்டறையை மூடிப் பல வருஷமாகியும், பார்க்கத் தெளிவாக இருக்கிற அந்தத் தண்ணீரில் வேட்டியை அலசினால் ரோஸ் நிறம் ஏறுகிறது. குடிக்க விலைக்கு வாங்கும் குடத் தண்ணீர்தான். கிணறு நல்லபடியானால் முதல் குடத்தை மாரியம்மனுக்கு அபிஷேகத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று நேர்ந்திருக்கிறேன்.

பட்டறை இடத்தில் தையல் கூடம் வரப்போகிறது என்றார்கள். அதற்கு முன்னால் மண்ணைச் சோதிக்க அரசாங்கமே பணம் ஒதுக்கியிருக்கிறது, விஷம் இருந்தால் அள்ளிவிட்டுத்தான் கட்டுவார்கள் என்று தெருவில் கூட்டம் போட்டு ஆபீசர் சொன்னார். அன்றைக்கே கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றினேன்.

மண் எடுக்க இடம் காட்ட என் தம்பியைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். திருச்சுழியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கி அந்தப் பட்டறையில் வேலை பார்த்தவன். கையில் சாயம் போகாது. கரண்டியால்தான் சோறு தின்பான். நான்தான் பொங்கிப் போட்டேன்.

சோதனைக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தான். "யக்கா, மண்ணுல கை வைக்கப் போறாக. நீ ஒரு தேங்காய ஒடச்சுக் குடு. ஓன் கைராசி தெருவுக்கே தெரியும். எந்த மூலையில ஆரம்பிக்கச் சொல்ல?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வீடு கட்டினாலும் கிணறு வெட்டினாலும் ஈசானிய மூலையில்தான் சாமி கும்பிட்டு முதல் மண் எடுப்போம். வடகிழக்கு என்று சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினான்.

மறுநாள் மஞ்சள் தெளித்து, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. அங்கே துளை போட்டு மண்ணைப் பையில் எடுத்தார்கள். அடுத்த துளையும் பக்கத்திலேயே. மற்ற பக்கமும் பார்ப்பார்களா என்று கேட்டேன். "பாப்பாக யக்கா. வெயில்ல நிக்காத, போயி சோத்தப் பாரு" என்றான். வந்தவர்களுக்கு என் வீட்டில்தான் சாப்பாடு. சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது மெஷின் சத்தம் நின்றுவிட்டது. ஒதுக்கிய பணத்துக்கு மூன்று குழிதானாம். கழிவு கிடந்த இடத்தில் மண் எடுத்ததை நேரில் பார்த்தோம் என்று ஒரு தாள். தம்பி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டேன். என்னைப் பார்த்துத் தெருவே போட்டது.

மண்ணில் குறை இல்லை என்று முடிவு வந்தது. மதிலை இடித்து, இடத்தைச் சமப்படுத்தி, கல் ஊன்றினார்கள். ஐப்பசியில் நல்ல மழை. ஈசானியத்துக்கு நேர் எதிரான கன்னிமூலையில், எங்கள் கிணற்றை ஒட்டினாற்போல, தரை ஓர் ஆள் ஆழத்துக்கு உள்வாங்கியது. பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி அதில் தேங்கி நின்றது.

பட்டறையில் நூல் சுற்றிய எதிர்வீட்டுக்காரி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கழிவுக் குழி இதுதேன் மதினி. வெட்டுனதும் மூடுனதும் ஓந்தம்பி. ஒங்க சாமி அந்த மூலையில இருந்தா, பூதம் இந்த மூலையில இருந்திருக்கு."

திருச்சுழிக்கு பஸ் ஏறினேன். தம்பி வீட்டில் காபி கொடுத்தார்கள், தொடவில்லை. தையல் கூடக் கட்டட வேலைக்கு ஆள் விடும் பொறுப்பு அவனுக்குத்தான் என்று அங்கேதான் தெரிந்தது. குழி எங்கே இருக்கிறது என்று தெரியும்தானே என்று கேட்டேன். தெரியும் என்றான்.

"அந்தத் தண்ணியிலதானலே ஒன் மருமகப்பிள்ளைகளக் குளிப்பாட்டுனேன்."

தலையைக் குனிந்துகொண்டான். "மூல சொன்னது நீதான யக்கா. கையெழுத்தும் நீதான" என்றான்.

என் சாமிபக்தியை அவன் அளந்து வைத்திருக்கிறான். நான் எந்த மூலையைச் சொல்வேன் என்று தெரிந்தேதான் கேட்டிருக்கிறான். பொய் சொல்லக்கூட அவனுக்கு வேலை வைக்கவில்லை நான்.

அடுத்த திங்கட்கிழமை, பாட்டிலில் அந்தக் குழித் தண்ணீரை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். வாசலில் மனு எழுதுகிறவரிடம், தவறான இடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டதை முதலில் எழுதச் சொன்னேன். மறுபடி தோண்ட வேண்டும் என்று அடுத்து. சரியான இடம் தெரிந்தும் மறைத்தவர் யார் என்று கேட்டார்.

"ஏங்கூடப் பெறந்த தம்பி."

பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். எழுதச் சொன்னேன்.

இந்தப் பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வரவில்லை. மறுபடி தோண்ட இன்னும் யாரும் வரவில்லை. கிணற்றின் மேல் தகரம் போட்டு மூடி வைத்திருக்கிறேன். செவ்வாய்தோறும் கோயிலில் கிணற்றுக்காக வேண்டிக்கொள்கிறேன். தம்பிக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று முன்பெல்லாம் கூடவே வேண்டுவேன். இப்போது அந்த இடம் வந்ததும் நாக்கு எழுவதில்லை, திருநீறு பூசிக்கொண்டு திரும்பிவிடுகிறேன்.