ஷிப்டின் மேல் ஒரு விரல்

பகல் தூக்கத்தில் என் வலது கை இன்னும் தட்டச்சு செய்கிறது. சாந்தோம் கடல்காற்று ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போடும். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பேன். பத்து விரலும் ஓடும். விழித்தால் அந்தக் கை மடியில் கிடக்கும், யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டுப் போன பை மாதிரி. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும்.

பக்கவாதம் வருவதற்கு முன், எங்கள் மாதா கோயிலின் ஞாயிறு பூசைக்கான பாட்டுத்தாளை வருஷக்கணக்காக நான்தான் அடித்துக் கொடுத்தேன். பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, "வேற யாராச்சும் பாத்துப்பாங்கம்மா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் என்னைக் கழற்றிவிடுவதாகவே பட்டது. பெரிய வெள்ளிப் பாட்டுத்தாளை நானே தருவேன் என்று குழறிய வாயால் சொல்லிவிட்டேன்.

மௌஸை இடப்பக்கம் வைத்து, அதன் பொத்தான்களையும் இடம் மாற்றினோம். அது ஓரளவு பழகியது. மாட்டிக்கொண்டது ஷிப்டில். நான் கற்றது பழைய தட்டச்சு முறை. பல எழுத்துக்கு ஷிப்டை அமுக்கிக்கொண்டே இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். இடது சுண்டுவிரல் ஷிப்டில் இருந்தால் பலகையின் அந்தக் கோடிக்கு மற்ற விரல்கள் எட்டாது.

அதனால் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெஷின் ஓடும்போது வாயைத் திறக்கக் கூடாது என்பது அவருடைய பட்டறைப் பழக்கம். நான் "ம்" என்றால் ஷிப்டை அமுக்குவார். தலையை அசைத்தால் விரலை எடுப்பார். எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் அடுத்த எழுத்து தப்பாக விழும். நான் எரிந்து விழுவேன். அவர் அடுத்த 'ம்'முக்காக விரலைத் தயாராக வைத்துக்கொள்வார். இன்னொருவர் விரல் இல்லாமல் ஒரு வரியைக்கூட என்னால் முடிக்க முடியவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு.

ஒரு மத்தியானம், காற்று சுகமாக வந்துகொண்டிருந்தது. அவருக்குக் கண் சொருகியது. தூக்கக் கலக்கத்தில் விரல் மட்டும் ஷிப்டைத் தட்டிக்கொண்டே இருந்தது. அப்படி விடாமல் தட்டினால் திரையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்து, 'ஸ்டிக்கி கீஸ்' வேண்டுமா என்று கேட்கும். இத்தனை வருஷமும் அதைப் படிக்காமலே 'நோ' என்று விரட்டியிருக்கிறேன். அன்றும் விரட்டத்தான் போனேன். மௌஸ் பிடித்த இடது கை தடுமாறி 'யெஸ்'ஸை அமுக்கிவிட்டது.

கம்ப்யூட்டர் மெல்லக் கூவியது. அவர் விரல் நழுவித் தொடையில் விழுந்துவிட்டது. நான் ஷிப்டை ஒரு தட்டுத் தட்டிக் கையை எடுத்துவிட்டு, அந்தக் கோடியில் இருந்த விசையைத் தட்டினேன். சரியான எழுத்து வந்தது. யாரும் பிடிக்காமலே ஷிப்ட் எனக்காகக் காத்திருந்தது. இதுவும் கனவோ என்று மடியைப் பார்த்தேன். வலது கை அசையாமல் கிடந்தது. கனவில்லை.

அவர் விழிப்பதற்குள் ஒரு பாட்டையே முடித்துவிட்டேன்.

"இன்னா, நீயே அட்ச்சியா?" என்றார்.

"ஆமா. இனிமே நீங்க உக்கார வேணாம்."

"நல்லதாப் போச்சு," என்று அந்த விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு எழுந்து போய் பால்கனியில் நின்றார்.

பெரிய வெள்ளித் தாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமைத் தாளுக்கு நான் உட்கார்ந்தபோது, பழக்கதோஷத்தில் அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஷிப்டில் விரலை வைத்து அமுக்கினார். நானும் ஓர் எழுத்தைத் தட்டினேன். கம்ப்யூட்டர் சுருதி இறங்கி முனகியது. ஸ்டிக்கி கீஸ் நின்றுவிட்டது. இரண்டு விசைகள் ஒன்றாக அமுங்கினால், உதவிக்கு ஆள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அது தானே விலகிவிடும்.

"நான் கெட்த்துட்டனா?" என்று விரலை எடுக்கப் போனார்.

அப்படி விலகாமல் இருக்கச் செய்யவும் ஒரு வழி உண்டு. இதற்குள் அதையும் தேடிப் படித்து வைத்திருந்தேன்.

"இருக்கட்டும்," என்றேன். "ம்."

அமுக்கினார். எடுக்கத் தாமதமாகி அடுத்த எழுத்து தப்பாக விழுந்தது. வழக்கம்போலத் திட்டினேன்.