ஒலிபெருக்கியை மறைக்கச் சொன்ன பாட்டுக்காரர்

சென்ற வருடம் ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. ஜெர்மனியின் கிழக்கு மூலையில், போலந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளி. நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட்டிலிருந்து அங்கே போய்ச் சேர ஆறு மணி நேரத்துக்கு மேல் வான் வண்டியை ஓட்டினேன். எதற்காக ஒப்புக்கொண்டேன் என்று அன்று முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

வார நாட்களில் எனக்குத் தொழிற்சாலை வேலை. வார இறுதியில் தமிழ்க் கல்யாணங்களுக்கு ஒலிபெருக்கி போடுவேன். மனைவியும் கூட வருவாள். இந்தத் தடவை எங்களை அழைத்தவர் ஒரு நாட்டுப்புறப் பாடகர். கைப்பிடியைச் சுழற்றி வாசிக்கும் பழைய நரம்பு வாத்தியம் ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு பாடுவார். கிறிஸ்தவம் வருவதற்கு முன்பு ஸ்லாவ் மக்கள் வணங்கிய தெய்வங்களை மறுபடியும் வணங்க வேண்டும் என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்து, அதற்குத் தலைவராகவும் இருந்தார். அன்று அவர்களுடைய கோடைத் திருவிழா.

அந்த மனிதர் என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. வந்திருந்த அத்தனை பேருக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆனால் ஒலிபெருக்கி கண்ணில் படக்கூடாது, தெய்வத்துக்கு ஆகாதாம். மரக்கிளைகளை வெட்டி வந்து ஒலிபெருக்கிப் பெட்டிகளை மூடச் சொன்னார். மூடினேன். ஜெனரேட்டர் இரைச்சல் தெய்வத்தின் மரச்சிலைக்குக் கேட்கிறது, தள்ளி வையுங்கள் என்றார். தள்ளினேன், வயர் எட்டவில்லை. வேறு வயர் இழுத்ததும், அது பிளாஸ்டிக், மேலே வைக்கோல் போடுங்கள் என்றார். நெருப்பு மூட்டுகிற இடத்தில் வைக்கோலா என்று கேட்டேன். நெருப்புக்கு எல்லாம் தெரியும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவியிடம் போய்ப் பொரிந்து தள்ளினால், அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்கட ஊன்ட்றொப் அம்மன் கோயிலில ஐயர் சொன்னா மட்டும் வாய் திறக்காமச் செய்வியள்தானே" என்றாள்.

மாலை ஐந்து மணிக்கு, அடுக்கி வைத்த விறகைச் சுற்றி எல்லோரும் பெரிய வட்டமாக நின்றார்கள். பாடகர் உருண்டை ரொட்டி ஒன்றை ஏந்தி, ஒவ்வொருவருக்கும் பிய்த்துக் கொடுப்பதற்காக வட்டத்துக்குள் வந்தார். அவர் சட்டையில் குத்தியிருந்த மைக்கின் சத்தம் திடீரென்று கரகரத்தது. பெட்டிகளுக்குப் போகும் வயர் எங்கேயோ கழன்றிருக்க வேண்டும். வட்டத்துக்குள் போய், முழங்காலிட்டு வைக்கோலைக் கிளறித் தேடிப் பொருத்தினேன்.

நிமிர்ந்தபோது கறுப்புச் சட்டை போட்ட மூன்று பேர் எனக்கு முன்னால் நின்றார்கள். இது எங்கள் இரத்தத்துக்கு உரிய வட்டம், இவனுக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவன் உரக்கக் கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் புல்லைப் பார்த்தார்கள். மனைவி ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"இஞ்சருங்கோ, வெளிக்கிடுவம். இவையின்ர முகம் சரியில்லை."

வயரைச் சரிசெய்துவிட்டேன், போகிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். உண்மையில் அந்த வட்டத்தில் நிற்க எனக்கு ஒரு ஆசையும் இருக்கவில்லை. அதற்குள் பாடகர் வந்துவிட்டார். என்னை நகரவே விடவில்லை. நான் சரிசெய்த மைக்கில் அவர் சொன்னது புல்வெளி முழுக்கக் கேட்டது.

"முதலில் இவருக்கு ரொட்டி. பிறகுதான் மற்றவர்களுக்கு. பிடிக்காதவர்கள் போகலாம்."

போனார்கள். மூன்று பேர் மட்டுமல்ல, கூட்டத்தில் பாதிப் பேர். பல வருடமாக அவரோடு வாசித்த மேளக்காரரும் தன் மேளத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பாடகர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் திரும்பவில்லை. கார்கள் எல்லாம் போய் முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்ற பாடகர், கண்ணைத் துடைத்துவிட்டு, இடது பக்கப் பெட்டியில் சத்தம் குறைகிறது என்று என்னிடம் குறை சொன்னார்.

மறுநாள் காலை வண்டியில் திரும்பும்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அத்தனை பேருக்கு முன்னால் என்னைக் காட்சிப் பொருளாக்கிவிட்டாரே, யார் கேட்டது என்று கத்திக்கொண்டே வந்தேன். மனைவி முகத்தைத் திருப்பாமலே கேட்டாள்.

"அண்டைக்கு அந்தக் கலியாணத்தில நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

எந்தக் கல்யாணம் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் நகரத்தில் ஒரு தமிழ்க் கல்யாணம். மாப்பிள்ளையின் தகப்பனோடு ஒன்றாக வேலை செய்த ஒரு பெரியவர், இரண்டு வார்த்தை வாழ்த்த வேண்டும் என்று மைக்குக்குக் கை நீட்டினார். பெண்ணின் மாமா என் காதருகே குனிந்து, "அவையள் ஆரெண்டு தெரியும்தானே, குடுக்காதேங்கோ" என்றார். சாதியைத்தான் சொன்னார். நான் ஓம் என்று தலையாட்டி, சத்தத்தைக் குறைத்துவிட்டு, மைக் பழுது என்று பெரியவரிடம் சொன்னேன். பரவாயில்லைத் தம்பி என்று அவர் போய் உட்கார்ந்தார். அடுத்த நிமிடம் அதே மைக்கில் மாமா பேசினார்.

அந்தப் பெரியவரை இப்போதும் கடையில் காண்கிறேன். சிரித்து நலம் விசாரிக்கிறார். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்து, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். அந்தப் பாட்டுக்காரர் தன் கூட்டத்தில் பாதியை இழந்தும் சொல்ல வேண்டியதைச் சொன்னார், எதையும் இழக்காமலே நான் சொல்லக்கூடிய மன்னிப்பு இன்னும் என் வாயில் வரவில்லையே என்று இப்போது என் மேல்தான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.